நாலுபேர் சாரும் மாங்காய் ஃபேக்டரியும்

சித்தூர் ஜில்லாவில் எந்த ஃபேக்டரி வாட்ச்மேனை வேண்டுமானாலும் தட்டி எழுப்பி, உலகத்திலேயே உனக்கு யாரைக் கண்டால் பயம் என்று கேட்டுப் பாருங்கள். ஓனரை என்று சொல்ல மாட்டார். கரண்ட் ஆபீஸ்காரரை என்றும் சொல்ல மாட்டார். தலையில் போட்ட ஹெல்மெட்டைக் கழற்றாமலே மொபெட்டிலிருந்து இறங்கி, உள்ளே என்ன தயார் செய்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே கேட்டைத் தள்ளுகிற ஒரு ஃபிஸிக்ஸ் வாத்தியாரைத்தான் சொல்வார்.

அந்த வாத்தியாருக்கு அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டரில் ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிரின்சிபாலிலிருந்து கேன்டீனில் தட்டு கழுவுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் நாலுபேர் சார்.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் எங்கள் கல்லூரி. ஒரே காம்பவுண்டுக்குள் ஒரு பக்கம் பாலிடெக்னிக், இன்னொரு பக்கம் டிகிரி காலேஜ். நான் டிகிரி பக்கத்தில் காமர்ஸ் நடத்திக்கொண்டிருந்தேன். படிப்பை முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் உள்ளூர் கம்பெனி ஒன்றில் ப்ராஜெக்ட் செய்தாக வேண்டும் என்று விதி வந்தது. எங்கள் பிள்ளைகள் அதை ரொம்பச் சுலபமாகச் செய்தார்கள். மாமாவின் கடைக்குப் போய் ஒரு சீல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நாலுபேர் சார் பொறுப்புக்கு வந்ததும் அது நின்றது. எந்த ப்ராஜெக்டாக இருந்தாலும் நாலு டிபார்ட்மென்டிலிருந்து நாலு பேர் போக வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். மூன்று பேர் போதாதா என்று கேட்டேன்.

“மூணு பேர்னா ரெண்டு பேர் சேந்துக்கினு ஒருத்தர ஒதுக்கிடுவாங்க மேடம். நாலு பேர்னா ரெண்டுக்கு ரெண்டு சண்ட போடுவாங்க. சண்ட போட்டாதான் வேல நடக்கும், அந்தே.”

அந்தே என்பது தெலுங்கு. அவ்வளவுதான் என்று அர்த்தம். சார் குப்பத்துக்காரர். அந்த ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே குழாயில் வரும். சார் தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் திரும்பி, கன்னடத்தில் போய் நிற்பார். அவர் பேசுகிற ஒரு வாக்கியமே மூன்று டிபார்ட்மென்ட் சேர்ந்து செய்த ப்ராஜெக்ட் மாதிரிதான் இருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு அவருக்கென்று ஒரு இடம் கிடையாது. திங்கள்கிழமை கெமிஸ்ட்ரி, செவ்வாய் மெக்கானிக்கல், புதன் எங்கள் காமர்ஸ் என்று டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்டாக டப்பாவைத் தூக்கிக்கொண்டு போவார். அடுத்தவர் டப்பாவிலிருந்து உரிமையோடு ஒரு கை எடுத்துக்கொண்டு, உங்கள் பிள்ளைகளில் யார் சும்மா இருக்கிறார்கள் என்று விசாரிப்பார். கல்யாணத் தரகர் ஜாதகக்கட்டு வைத்திருப்பதுபோல அவர் பையில் பிள்ளைகளின் விவரம் கட்டுக்கட்டாக இருக்கும்.

அவர் பொருத்தம் பார்த்ததெல்லாம் ஒத்துவந்ததென்று சொல்ல முடியாது. குப்பத்தில் ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறைக்கு பாட்டனி மாணவி ஒருத்தியை அனுப்பினார். பதினைந்து நாள் கல்தூளில் நின்றுவிட்டு வந்த அந்தப் பெண், இங்கே ஒன்றும் முளைக்கவில்லை என்பதைப் பத்துப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். சார் அதைப் படித்துவிட்டு, ஏன் முளைக்கவில்லை என்று இன்னொரு பத்துப் பக்கம் எழுதச் சொன்னார். நகரி தறிக்கூடத்துக்கு அனுப்பிய ஹிஸ்டரி மாணவன் அத்தனை தறி அடிக்கிற சத்தத்திலும் முதல் நாளே தூங்கிப்போனான். ஓனர் போன் செய்து குறை சொன்னார். இந்தச் சத்தத்தில் ஒருவனால் தூங்க முடிகிறது என்றால் அவனைத்தான் முதலில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று சார் பதில் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

எல்லாவற்றையும்விடப் பெரியது ஃப்ரீசர் பெட்டி விவகாரம். எங்கள் பிரின்சிபாலின் அப்பா காலமாகிவிட்டார். நாங்கள் மாலையோடு போய் வரிசையில் நின்றோம். நாலுபேர் சார் மட்டும் பிணம் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பெட்டிமேல் காதை வைத்துக்கொண்டார். துக்கம் தாங்காமல்தான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்து, வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். சார் நிதானமாக எழுந்தார். வாடகைக்குப் பெட்டி கொண்டுவந்தவர் யார் என்று விசாரித்து, அவரைத் தனியாகக் கூப்பிட்டார். மோட்டார் இப்படிச் சத்தம் போட்டால் அழுகிறவர்கள் சொல்வது ஒருவருக்கொருவர் எப்படிக் கேட்கும் என்று சண்டைக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரமே நாலு பேர் அந்த ஃப்ரீசர் பெட்டிக் கடைக்குப் போனார்கள். மெக்கானிக்கல் மாணவன் மோட்டாருக்குக் கீழே ரப்பர் கட்டினான். எலக்ட்ரிக்கல் மாணவன் ஒயரை மாற்றினான். என் மாணவி எந்த மாதத்தில் பெட்டிக்கு அதிகம் ஆள் வருகிறார்கள் என்று கணக்கெடுக்கப் போய், கடைக்காரர் சொன்ன கதைகளைக் கேட்டு அழுது முகம் வீங்கித் திரும்பி வந்தாள். ஃபிஸிக்ஸ் மாணவன் அளந்து பார்த்ததில் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. பிரின்சிபால் மூன்று மாதம் சாரோடு பேசவில்லை. அப்புறம் அவர் மாமியார் தவறியபோது, சத்தம் வராத அந்தப் பெட்டியை அனுப்பச் சொல் என்று அவரே ஆள் விட்டார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த மாங்காய் ஃபேக்டரி வந்து சேர்ந்தது.

எங்கள் பக்கம் கோடை வந்தால் ரோடெல்லாம் மாங்காய் லாரி. எல்லாம் தோத்தாபுரி, கிளிமூக்கு மாங்காய். பழுக்க வைத்து, கூழாக்கி, டின்னில் அடைத்து ஏதேதோ தேசத்துக்கு அனுப்புவார்கள். மிஷினுக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு பழத்துக்கும் காம்பையும் மூக்கையும் கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். அது பெண்கள் வேலை. நீளமான ஸ்டீல் மேஜையின் இரண்டு பக்கமும் நாற்பது பேர் நின்று நாள் முழுக்க வெட்டுவார்கள். காம்புப் பால் பட்டுப் பட்டு விரல் தோல் உரியும். கத்தி வழுக்கும். கையுறை போட்டால் இன்னும் வழுக்கும் என்று அவர்களே கழற்றி வைத்துவிடுவார்கள்.

அந்த ஃபேக்டரிக்கு சார் ஆறு தடவை போய்த் திரும்பினார். ஏழாவது தடவை வாட்ச்மேனே ஓனரிடம் போய், இவரை உள்ளே விட்டுவிடுங்கள், என்னால் முடியவில்லை என்று கெஞ்சினாராம்.

என் டிபார்ட்மென்டிலிருந்து கோகிலா என்ற மாணவி தானாகவே பெயர் கொடுத்தாள். அவள் அம்மா கன்னியம்மா அங்கேதான் பல சீசனாக வெட்டுகிறாள். நிலம் நீச்சு இல்லாத குடும்பம். அப்பா இல்லை.

“சீசன்ல எங்கம்மா கையால துன்னாது மேடம்,” என்று கோகிலா என்னிடம் சொன்னாள். “காரம் பட்டா எரியும். ஸ்பூன்லதான் துன்னும்.”

நாலு பேரும் போனார்கள். சார் சொன்ன மாதிரியே ரெண்டுக்கு ரெண்டு சண்டை போட்டார்கள். பாலிடெக்னிக் மாணவன் தையல் மிஷின் மாதிரி காலால் மிதிக்கிற ஒரு சாதனம் செய்தான். பழத்தைக் கிண்ணத்தில் வைத்து மிதித்தால் இரண்டு பக்கமும் பிளேடு இறங்கும். கை பக்கத்திலேயே போக வேண்டாம். பெண்களோடு பேசிக் குறிப்பெடுத்த தெலுங்கு இலக்கிய மாணவி, மிதிக்கும்போது புடவை சிக்குகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். அவன் கோபித்துக்கொண்டு மறுபடியும் செய்தான். கெமிஸ்ட்ரி மாணவி விரலுக்கு ஒரு களிம்பு காய்ச்சினாள். கோகிலாவின் வேலை கணக்கு. கத்தியால் வெட்டினால் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை பழம், மிதித்தால் எத்தனை பழம் என்று கடிகாரத்தோடு நின்று எழுதினாள். எப்படிக் கட்டம் போட வேண்டும் என்று நான்தான் கற்றுக்கொடுத்தேன். மிதித்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வந்தது. அந்தக் கட்டத்துக்குக் கீழே சிவப்பு மையில் ‘வெரி குட்’ என்று எழுதினேன்.

திருப்பதியில் நடந்த கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு. மிஷினை யார் ஓட்டுவார்களோ அவர்கள்தான் மேடையில் காட்ட வேண்டும் என்று சார் பிடிவாதம் பிடித்து, கன்னியம்மாவையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவள் மேடையில் ஏறிச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி காலைத் துடைத்துக்கொண்டு மிதித்தாள். பழம் மூக்கு இல்லாமல் விழுந்தது. எல்லோரும் கை தட்டினோம். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஃபேக்டரி ஓனர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். அன்றைக்கு சார் எடுத்த போட்டோ ஒன்று என் போனில் இன்னும் இருக்கிறது. அதில் கோகிலா, அம்மாவின் தோளில் கை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த சீசன் ஆரம்பித்த மூன்றாவது வாரம், கோகிலா வகுப்புக்கு வரவில்லை என்பது எனக்கு உறைத்தது. விசாரித்தால், சத்தியவேடு பக்கம் ஏதோ எலக்ட்ரானிக் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நிற்கிறாளாம். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வருகிறதாம். மாங்காய் ஃபேக்டரி வேன் இந்த வருஷம் அவர்கள் ஊருக்கு வந்து நாலு பேரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எல்லோரும் வயசுப் பெண்கள். கன்னியம்மா டப்பாவோடு ரோட்டில் நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். மிதிக்கிற மிஷினை ஃபேக்டரியில் வரிசையாகச் செய்து போட்டுவிட்டார்கள். நாற்பது பேர் நின்ற மேஜைக்குப் பதினாலு பேர் போதும் என்று ஆகிவிட்டது.

இதைச் சொன்னபோது சார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டப்பாவை மூடிவிட்டு எழுந்தார். கை கழுவக்கூட இல்லை. நானும் உடனே கிளம்பி அவரோடு ஃபேக்டரிக்குப் போனேன்.

ஓனர் எங்களை மரியாதையாக உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சார் தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் கெஞ்சி, அந்தப் பெண்களைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாதா என்று கேட்டார். ஓனருக்கு நிஜமாகவே புரியவில்லை.

“கை வெட்டுப்படக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? இந்த சீசன்ல ஒரு கைகூட வெட்டுப்படல,” என்றார் அவர்.

மற்ற இருபத்தாறு பேர் என்ன செய்வார்கள் என்று கேட்டார் சார்.

“வீட்ல இருக்கறவங்களுக்கு எப்படி சார் வெட்டுப்படும்?”

அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. சமாதானம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அப்புறம் மேஜை டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தைப் பத்திரமாக எடுத்துக் காட்டினார். இதைப் பார்த்துத்தான் ஆளைக் குறைத்தோம், உங்கள் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் என்று பாராட்டினார். கோகிலாவின் கட்டம். கீழே என் கையெழுத்தில் சிவப்பு மையில் வெரி குட்.

நான் அந்த ஜூஸைப் பாதியிலேயே மேஜைமேல் வைத்துவிட்டேன். அதுவும் மாங்காய் ஜூஸ்தான்.

அங்கிருந்து நேராகக் கன்னியம்மாவின் ஊருக்குப் போனோம். நன்றாகத் திட்டுவாள் என்று தயாராகத்தான் போனோம். அவள் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவந்து போட்டாள். சார் உட்காரவில்லை. தப்பு நடந்துவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தார். மூன்று பாஷையிலும் வார்த்தை கிடைக்காமல் நின்றுவிட்டார். அவரைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, கன்னியம்மா இரண்டு கையையும் விரித்து நீட்டினாள்.

“ஆறிப்போச்சு சார், பாரு. இப்ப கையாலதான் துன்றேன்.”

விரல்கள் வழவழவென்று இருந்தன. சார் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோகிலாவைக் காலேஜுக்கு அனுப்பும்படி நான் கேட்டேன். கன்னியம்மா முடியாது என்று தலையை ஆட்டினாள். “அவ வரமாட்டா மேடம். அந்தக் கணக்க நான்தான போட்டேன்னு சொல்லிக்கினே கீறா.”

நீ போடாவிட்டால் வேறு யாராவது போட்டிருப்பார்கள் என்று மகளிடம் சொல்லிப் பார்த்தாளாம். அது அவள் மண்டையில் ஏறவில்லையாம். எனக்கும்தான் ஏறவில்லை.

திரும்பும் வழியில் சார் ரோட்டோரம் மொபெட்டை நிறுத்தினார். பையிலிருந்த பிள்ளைகளின் விவரக் கட்டை எடுத்து அதன் கடைசித் தாளின் பின்பக்கத்தில் கன்னியம்மா என்று எழுதினார். அடுத்த சில நாளில் இருபத்தாறு பேரும் அந்தத் தாளுக்கு வந்துவிட்டார்கள். யாருக்கு என்ன ஊர், என்ன வயசு, மாங்காய் வெட்டுவது தவிர என்ன வேலை தெரியும் என்றெல்லாம் அதில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் பழைய கம்பெனிகளுக்கே மறுபடியும் போனார். கிரானைட் பட்டறை, தறிக்கூடம், ஏர்பேடு பக்கத்துச் செடி நர்சரி, திருப்பதி ஹாஸ்டல் சமையல்கட்டு, ஒன்றையும் விடவில்லை. ஃப்ரீசர் பெட்டிக் கடைக்காரரைக்கூட விடவில்லை. அவர் ஒரு பெண்ணைப் பெட்டி துடைக்கிற வேலைக்கு எடுத்துக்கொண்டார். அவள் ஒரே வாரத்தில் பயந்து ஓடிவந்து, நீயெல்லாம் ஒரு வாத்தியாரா என்று சாரை ரோட்டில் வைத்துக் கேட்டாள். சார் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவள் பெயருக்குப் பக்கத்தில் ‘பெட்டி ஒத்துவராது’ என்று குறித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வருஷத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

கல்லூரியில் அவர் கதை முடிந்துகொண்டு வந்தது. ப்ராஜெக்ட் படிவத்தில் அவர் ஒரு கேள்வியைச் சேர்த்தார். இதனால் யாருக்கு வேலை போகும் என்பது கேள்வி. அதற்குப் பதில் எழுதாத எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கம்பெனிக்காரர்கள் படிவத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கேள்வியை எடுத்துவிடும்படி பிரின்சிபால் முதலில் நயமாகச் சொன்னார், பிறகு எழுத்தில் கொடுத்தார். அடுத்த வருஷ டைம்டேபிளில் சாருக்கு வகுப்பே போடவில்லை, அத்தோடு வேலையும் போனது. நான் அவருக்காக ஒரு மீட்டிங்கில்கூட எழுந்து பேசவில்லை. வீட்டுக் கடன், பிள்ளை படிப்பு என்று எனக்கும் காரணங்கள் இருந்தன. பிள்ளைகள் பழையபடி மாமா கடைகளில் சீல் வாங்கிக்கொண்டு வந்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

வேலை போன பிறகும் சார் அலைவதை நிறுத்தவில்லை. புத்தூர் பஸ் ஸ்டாண்டில், நகரி ரோட்டில் என்று எங்காவது கண்ணில் படுவார். கன்னியம்மாவுக்குத் தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிற வேலை கிடைத்ததாகச் சொன்னார். தூசி மூக்கில் ஏறி அவளுக்கு ராப்பகலாக இருமல் என்பதையும் அவரே சொன்னார்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. தங்கை வந்து குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நானும் கோகிலாவும் பார்க்கப் போனோம். அவள் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள். டிகிரியை முடிக்கவில்லை. இனி முடிப்பாள் என்று தோன்றவும் இல்லை. பஸ்ஸில் வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சாருக்கு வலது கை எழவில்லை. பேச்சும் குழறியது. கோகிலாவைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். அவள் தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க இன்னா சார் பண்ணுவீங்க,” என்றாள்.

அவளுக்கு அவர்மேல் ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். கொஞ்ச நேரம் கழித்து சார் இடது கையைத் தலையணைக்கு அடியில் விட்டுத் தடவி, அந்தத் தாளை இழுத்து எடுத்து என்னிடம் நீட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. வேலை கிடைத்த பத்தொன்பது பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. அவர் வாயிலிருந்து என்னென்னவோ வந்தது. எந்தப் பாஷை என்று பிரிக்க முடியவில்லை. ஒரு சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. “ஏழு.”

தாளை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இப்போது அது என்னிடம்தான் இருக்கிறது. மேனேஜர்கள் முன்னால் உட்கார்ந்து அவரைப் போலக் கூச்சமில்லாமல் கேட்க எனக்குத் தெரியாது. ஆனாலும் சனிக்கிழமைகளில் போகிறேன். இதுவரை இரண்டு பெயர்களை அடித்திருக்கிறேன்.

ஒரு பெயரை அடித்தால் அன்றைக்கே குப்பத்துக்குப் போன் செய்வேன். தங்கை போனை அவர் காதில் வைப்பார். நான் அந்தப் பெண்ணின் பெயரையும் அவளுக்குக் கிடைத்த வேலையையும் சொல்வேன். மீதி எத்தனை பேர் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பேன்.